தோட்டத்து மெஷ் நோடுகள்: அப்டேட்டுக்குப் பிறகு பேச்சு நின்றுபோனால்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பிறகு வந்து படிப்பவர்களுக்கும் விளங்கட்டும். சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டம். கோயில் கமிட்டி இளைஞர்கள் ஐந்து மெஷ்டாஸ்டிக் நோடு (சிம் இல்லாமல், லோரா என்ற நெடுந்தூர ரேடியோவில் செய்தியைக் கைமாற்றிக் கடத்தும் சிறு பலகைகள்) வைத்திருக்கிறார்கள்: இரண்டு ஹெல்டெக் வி3, இரண்டு டி-பீம், தண்ணீர்த் தொட்டி மேல் சோலாரோடு ஒரு ராக் 4631. கைப்பேசி லைன் எட்டாத பின் டிவிஷன் வரை செய்தி போக வேண்டும். ஹெல்டெக் இரண்டையும் 2.5-லிருந்து புதிய ஃபர்ம்வேருக்கு (பலகைக்குள் ஓடும் மென்பொருள்) ஏற்றியது முதல் அவை மற்ற மூன்றோடு பேசவில்லை. எல்லாவற்றையும் ரௌட்டர் (கேட்டதைக் கட்டாயம் திருப்பிச் சொல்லும் நிலை) ஆக்கினால் சரியாகுமா, தொட்டி மேல் இருப்பதை எப்படி அப்டேட் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ரௌட்டர் ஆக்காதீர்கள், தம்பி. அது வேறு தொல்லை, பின்னால் சொல்கிறேன். அப்டேட்டுக்கு முன்பு வரை பேசிய நோடு அப்டேட் முடிந்ததும் ஊமையாகிறதென்றால் ஆன்டெனாவையும் தூரத்தையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஃபர்ம்வேர் ஏற்றும் பக்கத்தில் "ஃபுல் இரேஸ்" என்ற பொத்தான் தள்ளப்பட்டிருக்கிறது. பெட்டிக்குள் இருந்த ரீஜன் (நாட்டுக்குரிய அலைவரிசை அமைப்பு), சேனல், சாவி (செய்தியைப் பூட்டும் குறியீடு) மூன்றும் அதோடு போய்விட்டன. நோடின் அடையாள எண் சில்லின் முகவரியிலிருந்து வருவதால் அழித்தாலும் மாறாது. சாவி மட்டும் புதிதாகப் பிறக்கும். பழைய எண்ணில் புதுச் சாவி வந்து நின்றால் மற்ற நோடுகள் யாரோ ஆள்மாறாட்டம் செய்வதாக எடுத்துக்கொண்டு தனிச்செய்தியை மறுத்துவிடும்; செயலியில் பெயருக்கு அருகே சிவப்புச் சாவி தெரியும்.

ஒவ்வொன்றாகச் சரிசெய்வோம். முதலில் ரீஜன்.

அழித்து ஏற்றிய நோடு "அன்செட்" நிலையில் எழும். அந்த நிலையில் அது எதையும் அனுப்பாது. இங்கேதான் பலர் காணொளியில் பார்த்ததைப் போட்டு அமெரிக்க ரீஜனைத் தேர்ந்துவிடுகிறார்கள். மலேசியாவுக்கு உரியது எம்ஒய் 919. அது 919 முதல் 924 மெகாஹெர்ட்ஸ் வரை. ஃபர்ம்வேரில் உச்ச வரம்பு 27 டிபிஎம், அதாவது 500 மில்லிவாட். இந்த இடம் ஏன் என்றால், 900 பட்டையில் கைப்பேசிகள் 880 முதல் 915 வரை கோபுரத்துக்கு அனுப்புகின்றன, கோபுரம் 925 முதல் 960 வரை திருப்பி அனுப்புகிறது; நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் நமக்கு இடம். அமெரிக்க அமைப்பில் லாங்ஃபாஸ்ட் என்ற இயல்பு ப்ரீசெட் (வேகத்தையும் தூரத்தையும் தீர்மானிக்கும் ஆயத்த அமைப்பு) 906.875-இல் போய் உட்காரும். அது கைப்பேசிகள் கோபுரத்தோடு பேசும் பாதை. எம்சிஎம்சி (மலேசியத் தொடர்பு ஆணையம்) விதிக்கு மாறானது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், உங்கள் மற்ற நோடுகள் அங்கே இல்லவே இல்லை. எம்ஒய் 433 என்றும் ஒன்று பட்டியலில் தெரியும். அது 433 பலகை வாங்கியவர்களுக்கு. உங்கள் பலகைகள் 863–928 வகையாக இருக்க வேண்டும். வாங்கிய பெட்டியின் ஒட்டுத்தாளைப் பாருங்கள்.

அடுத்தது சேனல். பாதிப் பேர் தடுக்கி விழும் இடம் இது, ஆகவே கொஞ்சம் நின்று பார்க்கலாம். லாங்ஃபாஸ்ட் என்பது விரிவுக் காரணி 11, பட்டை அகலம் 250 கிலோஹெர்ட்ஸ், வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1 கிலோபிட். 919-க்கும் 924-க்கும் இடையே 5 மெகாஹெர்ட்ஸ். அதை 250 கிலோஹெர்ட்ஸாக வெட்டினால் 20 துண்டு. எந்தத் துண்டில் பேசுவது என்பதை ஃபர்ம்வேர் முதன்மைச் சேனலின் பெயரை எண்ணாக மாற்றி, 20-ஆல் வகுத்து, மீதியைக் கொண்டு தீர்மானிக்கிறது. பெயரைத் தொடாமல் விட்டால் "லாங்ஃபாஸ்ட்" என்ற பெயரே கணக்கில் போகும். எம்ஒய் 919-இல் அது 16-ஆம் துண்டு, 922.875 மெகாஹெர்ட்ஸ். முதன்மைச் சேனலுக்கு ஆங்கிலத்தில் எஸ்டேட் என்று, முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்கிப் பெயர் வைத்தால் 8-ஆம் துண்டுக்கு, 920.875-க்குத் தாவிவிடும். முதல் எழுத்தையும் சிறிதாக்கினால் கணக்கு மறுபடி மாறும். சாவி ஒன்றாகவே இருந்தாலும் பயனில்லை, இரண்டும் வேறு வேறு அலைவரிசையில் நிற்கின்றன. ஒன்று பேசுவது மற்றதன் காதுக்கே வராது.

உங்கள் விஷயத்தில் இதுதான் நடந்திருக்கும். தொட்டியும் டி-பீமும் கமிட்டி வைத்த பெயரில் ஒரு துண்டில். அழிக்கப்பட்ட ஹெல்டெக் இரண்டும், ரீஜன் வைத்த பிறகும், பிறந்த மேனிக்கு 16-இல். அவை ஒன்றோடொன்று நன்றாகப் பேசிக்கொள்கின்றனவா என்று பாருங்கள். பேசினால் சந்தேகமே வேண்டாம்.

திருத்துவதற்கு நேரான வழி, டி-பீம் ஒன்றின் செயலியில் சேனல் க்யூஆர் எடுத்து ஹெல்டெக்கில் ஸ்கேன் செய்வது. "சேர்", "மாற்று" என்று இரண்டு கேட்கும். இங்கே "மாற்று" தான் வேண்டும், ஏனென்றால் முதன்மைச் சேனலே மாற வேண்டும். பின்னொரு நாள் ஒரு நண்பர் குழுவின் க்யூஆரை ஸ்கேன் செய்யும்போது அதே பொத்தானைத் தட்டினால் தோட்டத்துச் சேனல் மொத்தமும் போய்விடும், அப்போது "சேர்". க்யூஆரில் ப்ரீசெட்டும் கூடவே வரும். ரீஜனை மட்டும் அதை நம்பி விடாமல் கையால் வைத்துச் சரிபாருங்கள்.

வாய்ப்பிருக்கும்போதே சேனல் அமைப்பையும் மாற்றிக்கொள்ளச் சொல்வேன். முதன்மையைப் பெயரில்லாத இயல்பு லாங்ஃபாஸ்டாகவே விட்டு, கமிட்டிச் சேனலை இரண்டாவதாக, தனிச் சாவியோடு வையுங்கள். இரண்டாம் சேனல்கள் எல்லாம் முதன்மையின் அலைவரிசையிலேயே ஓடும். ஈப்போ பக்கமோ கோலகங்சார் பக்கமோ யாராவது மேட்டில் நோடு வைத்தால் உங்கள் செய்தியை அவர்கள் படிக்க முடியாது, ஆனால் அடுத்த கைக்குக் கடத்திவிடுவார்கள். தன்னிடம் சாவி இல்லாத பொட்டலத்தையும் (ரேடியோவில் போகும் ஒரு செய்திக் கட்டு) கடத்துவது ஃபர்ம்வேரின் இயல்பு நிலை. முதன்மையே தனிச் சேனலாக வேண்டும் என்று கமிட்டி பிடிவாதம் பிடித்தால், லோரா அமைப்பில் ஃப்ரீக்வென்சி ஸ்லாட் என்ற இடத்தில் 0-க்குப் பதில் 16 என்று எல்லா நோடிலும் எழுதிவிடுங்கள். அதன் பின் பெயர் என்னவானாலும் துண்டு நகராது. ஒன்று மட்டும்: முதன்மையை இயல்பாக விட்டால் இருப்பிடம் அதில்தான் போகும், அதன் சாவி ஊரறிந்தது. துல்லியத்தைக் குறைத்துவிடுங்கள் அல்லது அந்தச் சேனலில் இருப்பிடத்தை நிறுத்துங்கள்.

மூன்றாவது, சாவி. 2.5 பதிப்பு முதல் தனிச்செய்திக்கு ஒவ்வொரு நோடுக்கும் பொதுச் சாவி, தனிச் சாவி என்று ஒரு சோடி உண்டு. ஹெல்டெக்கின் பழைய தனிச் சாவியை யாரும் எடுத்து வைத்திருந்தால் செக்யூரிட்டி பக்கத்தில் அதைத் திரும்ப ஒட்டினால் போதும், எல்லாம் பழையபடி. இல்லையென்றால் மற்ற நோடுகள் ஒவ்வொன்றிலும் பட்டியலிலிருந்து ஹெல்டெக்கை நீக்கி, அதன் விவரத்தை மறுபடி கேட்டு வாங்க வேண்டும். தானாக வரட்டும் என்று விட்டால் நோடு விவரம் 3 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் இயல்பாகப் போகும். சிவப்புச் சாவியைப் பார்த்ததும் யோசிக்காமல் நீக்குவது நல்ல பழக்கமில்லை. நீங்களே அழித்த நோடு என்று தெரிந்தால் மட்டும் நீக்குங்கள்.

அதே சமயம், சில பலகைகளில் பழைய சாவியைத் தக்கவைப்பதே தவறு. விற்பவர்கள் ஒரே ஃபர்ம்வேர்ப் பிம்பத்தைப் பல பலகைகளில் நகல் எடுத்து ஏற்றியதில் பல நோடுகளுக்கு ஒரே சாவிச் சோடி இருந்தது 2025-இல் வெளியில் வந்தது, 2.5.0 முதல் 2.6.11-க்கு முந்தைய பதிப்புகள் வரை அந்தப் பாதிப்பு. 2.6.11-இல் முதல் தடவை ரீஜன் வைக்கும்போதுதான் சாவி உருவாகும்படி மாற்றிவிட்டார்கள். உங்கள் டி-பீம் ஃபர்ம்வேர் ஏற்றப்பட்டே பார்சலில் வந்து, அப்படியே பயன்பாட்டுக்குப் போயிருந்தால், அதை 2.6.11-க்கு மேல் ஏற்றிப் புதுச் சாவி உருவாக்கிக்கொள்வது நல்லது.

இனி, அழிக்காமல் அப்டேட் செய்யும் முறை. ஹெல்டெக் வி3, டி-பீம் இரண்டும் இஎஸ்பி32 குடும்பம். கணினியில் குரோம் அல்லது எட்ஜ் உலாவி வேண்டும். ஹெல்டெக்குக்கு சிபி2102 டிரைவர். டி-பீமில் பதிப்பைப் பொறுத்து சிபி2104 அல்லது சிஎச்9102. கேபிள் தரவு போகும் கேபிளாக இருக்க வேண்டும். விசிறி, டார்ச்சோடு வரும் கேபிள்களில் மின்சாரக் கம்பி இரண்டு மட்டுமே இருக்கும். பலகை எரியும், கணினிக்குத் தெரியாது. சி-க்கு-சி கேபிளில் எழாத பலகைகளும் உண்டு, அப்போது ஏ-க்கு-சி போட்டுப் பாருங்கள்.

எதையும் ஏற்றுவதற்கு முன் நகல். பைத்தான் கட்டளைக் கருவியில் எக்ஸ்போர்ட் கான்ஃபிக் என்ற கட்டளை மொத்த அமைப்பையும் ஒரு யாமல் கோப்பாகக் கொடுக்கும். கைப்பேசிச் செயலியிலும் ஏற்றுமதி உண்டு. கோப்பைத் திறந்து தனிச் சாவி வரி உள்ளே இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இருந்தால் அந்தக் கோப்பு வாட்ஸ்அப் குழுவுக்குப் போகக்கூடாது. நோடின் பெயரையும் தேதியையும் கோப்புப் பெயரில் வையுங்கள், ஐந்து கோப்பும் ஒரே பெயரில் இருந்தால் எது யாருடையது என்று பிறகு தெரியாது.

பிறகு மெஷ்டாஸ்டிக்கின் இணைய ஃப்ளாஷரில் பலகையின் சரியான பெயரைத் தேர்ந்தெடுங்கள். ஹெல்டெக்கில் வி2, வி3, வி4, வயர்லெஸ் ஸ்டிக், டிராக்கர் என்று ஒரே சாயலில் பல. டி-பீமில் சாதாரணமானது வேறு, எஸ்3 சுப்ரீம் வேறு. தவறானதை ஏற்றினால் திரை இருட்டாகிவிடும். பலகை செத்துவிடவில்லை, சரியானதை ஏற்றினால் எழுந்துகொள்ளும். பதிப்புகளில் பீட்டா என்று இருப்பதுதான் இவர்கள் கணக்கில் நிலையானது; ஆல்ஃபாவைத் தோட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். ஃபுல் இரேஸ் பொத்தானைத் தொடாமல் அப்டேட் கொடுங்கள். இணைய மறுத்தால் ஹெல்டெக்கில் பிஆர்ஜி பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ஆர்எஸ்டி-யை ஒருமுறை தட்டி, பிறகு பிஆர்ஜி-யை விடுங்கள். பாதியில் அறுந்தால் வேகத்தை 115200-க்கு இறக்குங்கள். முடிந்ததும் ஆர்எஸ்டி தட்டாமல் சில பலகைகள் எழாது. முழு அழிப்பு வேண்டியது, பதிப்பில் பின்னோக்கி இறங்கும்போதும், அமைப்பு குழம்பி நோடு திரும்பத் திரும்ப ரீபூட் ஆகும்போதும்தான்.

ஏற்றிய பின் கைப்பேசி ப்ளூடூத்தில் சேரவில்லை என்றால் நோடைக் குறை சொல்லாதீர்கள். கைப்பேசி பழைய இணைப்பை ஞாபகத்தில் வைத்திருக்கிறது. ப்ளூடூத் அமைப்பில் அந்தப் பெயரை மறக்கச் சொல்லிவிட்டு மறுபடி சேருங்கள். திரை உள்ள நோடு அதில் காட்டும் எண்ணைக் கேட்கும், திரை இல்லாததற்கு இயல்பு எண் 123456. அதையும் மாற்றிவிடுவது நல்லது.

அப்டேட்டின்போது ஆன்டெனாவைக் கழற்றி மேசையில் வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. பலகை ரீபூட் ஆனதும் தானே அனுப்பத் தொடங்கும். ஆன்டெனா இல்லாமல் அனுப்பினால் ரேடியோச் சில்லின் கடைசிக் கட்டம் வெந்துபோகலாம். ஆன்டெனா மாட்டும் அந்தக் குட்டி ஐபெக்ஸ் முனையும் ஏறத்தாழ 30 தடவை கழற்றி மாட்டத்தான் கணக்கிட்டுச் செய்யப்பட்டது.

தொட்டி மேல் இருக்கும் ராக் 4631-க்கு வருவோம். அதன் சில் என்ஆர்எஃப்52840, முறையே வேறு. யூஎஸ்பி-யில் செருகி ரீசெட் பொத்தானை வேகமாக இரண்டு தடவை தட்டினால் கணினியில் ஒரு டிரைவ் போலத் தெரியும். யூஎஃப்2 கோப்பை அதில் இழுத்துப் போட்டால் டிரைவ் தானே மறைந்து பலகை எழும். "டிரைவைச் சரியாக நீக்கவில்லை" என்று கணினி சத்தம் போடும், கண்டுகொள்ள வேண்டாம். அமைப்பு எதுவும் அழியாது. அழிக்கத் தனியாக ஒரு யூஎஃப்2 கோப்பு இருக்கிறது, தெரியாமல் அதை எடுத்துவிடாதீர்கள்.

லோரா வழியாக ஃபர்ம்வேர் ஏற்ற முடியாது. நொடிக்கு 1 கிலோபிட் பாதையில் அது நடக்கிற காரியமில்லை. ஆக, தொட்டி ஏற வேண்டும் அல்லது தொட்டி அடியில் நின்று ப்ளூடூத்தில் செய்ய வேண்டும். ப்ளூடூத் வழிக்கு நார்டிக் நிறுவனத்தின் என்ஆர்எஃப் டிஎஃப்யூ செயலியும், பெயரில் ஓடிஏ என்று இருக்கும் ஜிப் கோப்பும் வேண்டும். செயலி அமைப்பில் பாக்கெட் ரசீது அறிவிப்பை இயக்கி எண்ணிக்கையை 10 அல்லது அதற்குக் கீழே வையுங்கள். நடுவில் அறுந்தால் பலகை பூட்லோடரிலேயே (ஃபர்ம்வேரை எழுப்பும் தொடக்க நிரல்) நின்றுவிடக்கூடும், அப்போது யூஎஸ்பி கேபிளைத் தவிர மருந்து இல்லை. ஆகவே ஏறிப்போய்க் கேபிள் போட வழியில்லாத நாளில், மழை கட்டும் மாலையில், ப்ளூடூத் அப்டேட்டைத் தொடங்கவே கூடாது. என் அபிப்பிராயம்: தொட்டி நோடை அடிக்கடி அப்டேட் செய்யாதீர்கள். கீழே இருக்கும் நான்கில் புதுப் பதிப்பை ஏற்றி சில வாரம் ஓடவிட்டு, பாதுகாப்புத் திருத்தமோ உங்களுக்கு வேண்டிய வசதியோ அதில் இருந்தால் மட்டும் மேலே ஏறுங்கள். 2.5 முதலான பதிப்புகள் கலந்து ஓடினாலும் குழுச் செய்தி போய்க்கொண்டுதான் இருக்கும்.

அமைப்பு மாற்றத்துக்கு மட்டும் ஏறத் தேவையில்லாதபடி செய்துகொள்ளலாம். உங்கள் கையிலிருக்கும் ஒரு நோடின் பொதுச் சாவியைத் தொட்டி நோடின் செக்யூரிட்டி பக்கத்தில் அட்மின் சாவியாக எழுதுங்கள். மூன்று சாவி வரை இடம் உண்டு, இரண்டு பேருடையதை வைப்பது புத்திசாலித்தனம். அதன் பின் கீழிருந்தே அதன் அமைப்பைத் திறக்கலாம். அட்மின் வேலை செய்கிறது என்று உறுதியாகும் முன் "மேனேஜ்டு" பொத்தானைத் தள்ளினால் செயலி வழி அடைபட்டு, ஏணியைத் தேட வேண்டிவரும். ப்ரீசெட்டையோ முதன்மைச் சேனலையோ எல்லா நோடிலும் மாற்றுவதானால் தூரத்தில் இருப்பதை முதலில், தொட்டியைக் கடைசியில் மாற்றுங்கள். தொட்டியை முதலில் மாற்றினால் அதன் வழியாக மட்டுமே எட்டும் பின் டிவிஷன் நோடு பழைய அமைப்பில் தனியாக நிற்கும்.

இப்போது ரௌட்டர். கிளையன்ட் (சாதாரண நிலை) நோடு ஒரு பொட்டலத்தைக் கேட்டதும் உடனே திருப்பிச் சொல்லாது. கேட்ட சிக்னல் பலவீனமாக இருந்தால் சீக்கிரம், பலமாக இருந்தால் தாமதம் என்று ஒரு நேரம் காத்திருக்கும். அதற்குள் வேறொன்று சொல்லிவிட்டால் இது விட்டுவிடும். தூரத்தில் இருப்பது முந்திக்கொள்வதால் செய்தி வெளிநோக்கி நகரும். ரௌட்டர் அப்படிக் காத்திருக்காது, எல்லாருக்கும் முன்னால் கட்டாயம் சொல்லும். லயத்து வீட்டு ஜன்னலில் இருக்கும் நோடை ரௌட்டர் ஆக்கினால் அது முந்திக்கொண்டு சொல்ல, நல்ல இடத்திலிருக்கும் கிளையன்ட் அதைக் கேட்டு வாயை மூடிக்கொள்ளும்; செய்தி ஜன்னலோடு நின்றுவிடும். ஐந்தும் ரௌட்டர் என்றால் பெரட்டில் (காலையில் ஆள் கணக்கு எடுக்கும் இடம்) ஆளாளுக்குக் கத்துவது மாதிரி, கணக்கெடுக்கும் கிராணிக்கு ஒரு பெயரும் காதில் விழாது. தொட்டி மட்டும் ரௌட்டர், அதுவும் சுற்றிலும் அதுவே உயரம் என்றால். மற்றவை கிளையன்ட். ஒரே வீட்டில் இரண்டு இருந்தால் ஒன்றை கிளையன்ட் மியூட் (பிறர் செய்தியைக் கடத்தாத நிலை) ஆக்குங்கள். ஹாப் (செய்தி கைமாறும் தடவை) 3 போதும். ஐந்து நோடு உள்ள தோட்டத்தில் 7 வைப்பதில் பயனில்லை.

தூரக் கணக்கில் பவரைவிட உயரத்துக்கே மதிப்பு. லாங்ஃபாஸ்டில் 22 டிபிஎம் அனுப்பி, மறுமுனை ஏறத்தாழ மைனஸ் 131 டிபிஎம் வரை கேட்கும் என்றால் நடுவில் 153 டெசிபல் இழக்கலாம். வெட்டவெளியில் 4 கிலோமீட்டருக்கு 104 டெசிபல்தான் போகும். மீதி 49 டெசிபலை மரம் சாப்பிடுகிறது. முதிர்ந்த செம்பனை 12 மீட்டர் நிற்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். 4 கிலோமீட்டர் பாதையின் நடுவில் ஃபிரெனல் வளையத்தின் (நேர்கோட்டைச் சுற்றி அலை பரவிப் போகும் இடம்) ஆரம் 18 மீட்டர், அதில் 60 சதவீதமாவது, அதாவது 11 மீட்டர், திறந்திருக்க வேண்டும். ஆக நேர்கோடு நடுவழியில் தரையிலிருந்து 23 மீட்டரில் போக வேண்டும். கையில் நோடோடு மரத்தடியில் நிற்பவருக்கு அது ஒருநாளும் கிடைக்காது. தொட்டி உயரமாக இருந்தால் அவர் தலைக்கு மேலுள்ள சில வரிசை மட்டையை மட்டும் ஊடுருவினால் போதும். தொட்டி தாழ்ந்திருந்தால் வழி முழுக்க மட்டைதான். மழையில் நனைந்த மட்டை இன்னும் மோசம். இன்னொன்று: மறுநடவு செய்த பகுதியில் இப்போது கிடைக்கும் சிக்னல் கன்று வளர வளரக் குறையும். இன்றைக்குச் சோதித்துவிட்டு நிரந்தரம் என்று எழுதி வைக்காதீர்கள். சுண்ணாம்புக் குன்று குறுக்கே நின்றால் எந்த ஆன்டெனாவாலும் துளைக்க முடியாது. குன்றைச் சுற்றி ஒரு நோடு வைத்துத்தான் போக வேண்டும்.

ஆன்டெனா 915–925-க்கு ஒத்திசைத்ததாக இருக்கட்டும். 868 என்று எழுதியதை வாங்கினால் ஓரளவு ஓடும், 433 ஓடாது. நானோ விஎன்ஏ (ஆன்டெனாவை அளக்கும் கருவி) யாரிடமாவது இருந்தால் 922-இல் எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு) 2-க்குக் கீழ் இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ என்ற ஆன்டெனா முனைகள் இரண்டும் மரையில் சேரும். நடுவில் ஊசி இருபுறமும் இல்லாமல் போனால் தொடர்பே இராது. ஒரு முனையில் ஊசி, மறுமுனையில் துளை என்று கண்ணால் பார்த்து மாட்டுங்கள். பெட்டியைக் கீழே வைத்து 10 மீட்டர் ஆர்ஜி-58 கேபிளில் ஆன்டெனாவை மேலே ஏற்றினால் ஏறத்தாழ 5 டெசிபல் போய்விடும், பவரில் மூன்றில் இரண்டு பங்கு. எல்எம்ஆர்-400 என்றால் அதே 10 மீட்டருக்கு 1.3 டெசிபல்தான், ஆனால் விலையும் கனமும் அதிகம். பெட்டியையே மேலே ஏற்றுவது நல்லது. இரும்புத் தொட்டி என்றால் சுவரோடு ஒட்டாமல் விளிம்புக்கு மேலே எழும்பி நிற்க வேண்டும். பக்கவாட்டில் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் குறைந்தது ஓர் அலைநீளம், 33 சென்டிமீட்டர், தள்ளி. மறுபக்கம் நிழல் விழும் என்பதை ஒப்புக்கொண்டே கட்டுங்கள். மேனேஜர் அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இடி மின்னலுக்குப் பேர்போன நாடு இது: மின்னல் தடுப்பானும் மண் இணைப்பும் வையுங்கள், வானம் கறுக்கும்போது யாரும் ஏற வேண்டாம்.

தொட்டிக்கு ராக் வைத்தது சரியான தேர்வு. சராசரி 10 மில்லிஆம்பியர் இழுத்தால் நாளுக்கு 240 மில்லிஆம்பியர்-மணி. 3000 கொள்ளளவு உள்ள ஒரு 18650 பேட்டரி வெயிலே இல்லாமல் 12 நாள் தாங்கும். ஹெல்டெக் அங்கே இருந்தால் ஒரு நாளைக்கு மேல் தாங்குவது சிரமம். 1 வாட் பேனலே ராக்குக்குப் போதும், நவம்பர் டிசம்பர் மழைக்கு 2 வாட் வைத்தால் நிம்மதி. பேனல் 5 வோல்ட் வகைதான். 6 வோல்ட் பேனலை நேராகச் செருகாதீர்கள், ராக் உட்காரும் 19007 அடிப்பலகை 5.5 வோல்ட்டுக்கு மேல் ஏற்காது. கடையில் வாங்கும் பேட்டரியின் ஜேஎஸ்டி முனையில் சிவப்பும் கறுப்பும் ராக்கின் வரிசைக்கு நேர்மாறாக வருவது அடிக்கடி நடக்கும். மீட்டரில் பார்க்காமல் செருகினால் பலகை போனது போனதுதான். பெட்டி வெள்ளை நிறம், கேபிள் நுழையும் துளை அடியில். உள்ளே 45 டிகிரிக்கு மேல் சூடானால் லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்யக்கூடாது, ஆகவே பேனலையே பெட்டிக்கு நிழலாகச் சாய்த்து வையுங்கள். துளைகளைச் சிலிகானால் அடைக்காவிட்டால் எறும்பு குடியேறும்.

எல்லாம் சரிசெய்த பின் சோதிக்கும்போது நோடுகளை மேசையில் ஒட்டி வைக்காமல் இரண்டு மூன்று மீட்டராவது தள்ளி வையுங்கள். குழுச் செய்தியில் வரும் டிக் அடையாளத்தை நம்பவேண்டாம். யாரோ ஒரு நோடு திருப்பிச் சொன்னதைக் கேட்டேன் என்பதுதான் அதற்குப் பொருள். பின் டிவிஷனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அறியத் தனிச்செய்தி அனுப்புங்கள், அல்லது ட்ரேஸ்ரூட் போடுங்கள். எந்த நோடு வழியாகப் போனது என்று அதில் தெரியும். செயலியில் சேனல் பயன்பாடு 25 சதவீதத்தைத் தாண்டினால் இருப்பிடம், டெலிமெட்ரி (பேட்டரி நிலை போன்ற அளவுகள்) போகும் இடைவெளிகளை நீட்டுங்கள். தொட்டி நோடுக்கு ஜிபிஎஸ் தேவையில்லை, நிலையான இருப்பிடத்தை எழுதிவிடலாம்.

தமிழில் செய்தி அனுப்புகிறவர்களுக்கு ஒரு கணக்கு. செய்திக்கு ஏறத்தாழ 200 பைட் இடம். ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழில் உயிருக்கும் அகர மெய்க்கும் 3, கொம்பும் சுழியும் புள்ளியும் தனியாக இன்னொரு 3. "கி" என்றால் 6. நாற்பது எழுத்தைத் தாண்டும் வாக்கியம் நடுவில் முட்டும். முழு நீளச் செய்தி லாங்ஃபாஸ்டில் ஏறத்தாழ 2 நொடி காற்றைப் பிடித்துக்கொள்ளும், ஒவ்வொரு கடத்தலுக்கும் இன்னொரு 2 நொடி. தீமிதி அன்று எல்லாரும் ஒரே நேரத்தில் அனுப்பினால் மோதல்தான். "தண்ணி லோரி வந்தாச்சு" அளவில் நிறுத்துங்கள். சேனல் பெயருக்கு 11 பைட்தான், "மலை" நுழையும், "தோட்டம்" நுழையாது. நோடின் சிறு பெயருக்கு 4 பைட், தமிழில் என்றால் "ம" போல ஒரே ஓர் எழுத்து. நோடின் குட்டித் திரையில் தமிழ் எழுத்துரு கிடையாது, கைப்பேசியில் மட்டுமே சரியாகத் தெரியும்; ஆகவே சிறு பெயரை ஆங்கிலத்தில் நாலெழுத்தாகவும், நீளப் பெயரைத் தமிழில் பன்னிரண்டு குறிக்குள்ளும் வைத்துக்கொள்ளுங்கள்.